இறங்கும் கரையும் ஏறும் கரையும்

ரொட்ரீக்ஸ் தீவுக்கு நாங்கள் போனது கடலாடுவதற்கன்று. கடலாடப் போகிறவனுக்குக் காவல் இருப்பதற்கு. அதுவும் புறப்படும் நாளன்றுதான் எங்களுக்கே தெரிந்தது.

மொரீசியசில் பணியாற்றும் எங்கள் இளைய மகன், ஓய்வுபெற்றுவிட்ட எங்கள் இருவரையும் ஒரு மாத காலம் தன்னோடு வந்து தங்குமாறு அழைத்திருந்தான். போய்ச் சேர்ந்த இரண்டாம் வாரத்தில், "ஆறு நாள் ரொட்ரீக்சுக்குப் போய் வருவோம். மலை இருக்கிறது, அமைதி இருக்கிறது, நல்ல மீன் இருக்கிறது" என்றான். விமான நிலையத்தில் அவன் தோளில் தொங்கிய நீண்ட பையைக் கண்ட பின்புதான், அவன் சொல்லாமல் விட்ட நான்காவது பொருள் காற்று என்று விளங்கிற்று. பைக்குள் இரண்டு பட்டங்கள் மடங்கிக் கிடந்தன.

வாசக அன்பர்களுள் பலர் இவ்விளையாட்டைக் கண்டிருக்க மாட்டார்கள். கைட் சர்ஃபிங் என்பது அதன் பெயர். காலில் ஒரு பலகை. இடுப்பில் இறுகக் கட்டிய வார்ப்பட்டை. கையில் ஒரு கோல். கோலிலிருந்து இருபது, இருபத்தைந்து மீட்டர் நீளத்துக்கு மேலே போகும் நான்கைந்து நூல்கள். அந்நூல்களின் முனையில் ஒரு சிறிய அறையின் பரப்புள்ள பட்டம். காற்று பட்டத்தை இழுக்க, பட்டம் ஆளை இழுக்க, ஆள் நீர்மேல் சறுக்கிப் போகிறார். பட்டத்தின் முன்விளிம்பு காற்றடைத்த குழாயாக இருப்பதால் கடலில் விழுந்தாலும் மூழ்காது. விழுந்த இடத்திலிருந்தே மீண்டும் ஏற்றிவிடலாம். பிரான்சு நாட்டின் பிரித்தானிக் கடற்கரையைச் சேர்ந்த புரூனோ, தொமினிக் லெகேன்யூ என்னும் உடன்பிறந்தார் இருவர் இவ்வமைப்புக்கு 1984 நவம்பரில் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தனர். அந்த ஆண்டு வேறொரு காரணத்தால் எங்கள் வீட்டில் மறக்கப்படாத ஆண்டு. அதற்குப் பின்னர் வருகிறோம்.

ரொட்ரீக்ஸ், மொரீசியசுக்குக் கிழக்கே ஏறத்தாழ 560 கிலோமீட்டர் தொலைவில், இந்தியப் பெருங்கடலில் தனித்து நிற்கும் எரிமலைப் பாறைத் தீவு. நீளம் 18 கிலோமீட்டர். அகலம் அதில் பாதிக்கும் குறைவு. முதுகெலும்புபோல் கிழக்கு மேற்காக ஓடும் மலைத்தொடரில் மிக உயர்ந்த முகடான மோன் லிமோன் 398 மீட்டர்தான். தீவைச் சுற்றிப் பவளப்பார் ஒன்று வேலியிட்டதுபோல் வளைந்து கிடக்கிறது. பாருக்கும் கரைக்கும் நடுவே அடைபட்டிருக்கும் ஆழமற்ற கடல், தீவின் நிலப்பரப்பைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. மேற்கே அது பல கிலோமீட்டர் அகன்று விரிந்திருக்கிறது. கிழக்கே சில இடங்களில் கல்லெறியும் தூரம்தான். முத்துக் குளித்த கடற்கரையில் பிறந்த எங்களுக்குப் பார் என்னும் சொல் புதிதன்று. ஆனால் ஒரு தீவு முழுவதையும் வளைத்துக் கட்டிய பாரை அன்று விமானச் சன்னல் வழியாகத்தான் முதன்முதலில் கண்டோம். வெள்ளை நுரையாலான ஒரு கோடு, அதற்கு வெளியே கருநீலம், உள்ளே இளம்பச்சை.

"மேலேயிருந்து பார்த்தால் எல்லா இடமும் ஏற்ற இடமாகத்தான் தெரியும்" என்றான் மகன்.

வடகரையில், தலைநகரமான போர் மத்துரேனுக்குக் கிழக்கே, ஒரு குடாவின் மேட்டில் அமைந்த வீட்டில் அறை எடுத்திருந்தான். முதல் மாலை பையைத் திறக்கவே இல்லை. குறிப்பேடு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு தீவின் படத்தை வரைந்தான். தென்கிழக்கு மூலையிலிருந்து நீண்ட அம்புக்குறிகளை இழுத்தான். பூகோள வகுப்பில் வியாபாரக் காற்று என்று நாம் படித்தோமே, அதுதான். மே முதல் அக்டோபர் வரையில் தீவின்மேல் அது வலுத்து வீசுகிறது. சில நாட்களில் 20 நாட், அதாவது மணிக்கு 37 கிலோமீட்டர் வேகத்தை எளிதாகக் கடந்துவிடுகிறது. எங்கள் ஊரில் காற்றுக்குப் பெயர் உண்டு. வடக்கேயிருந்து வருவது வாடை, கிழக்கேயிருந்து கொண்டல், தெற்கேயிருந்து சோழகம், மேற்கேயிருந்து கச்சான். "அப்படியானால் இது சோழகக் கொண்டல்" என்றோம். சிரித்துக்கொண்டே அம்புக்குறியின் ஓரத்தில் அதை எழுதிக்கொண்டான்.

இடம் தேர்வது எப்படி என்று அன்றிரவு அவன் விளக்கியதில் எங்களுக்கு நிலைத்தது ஒன்றே. காற்று எவ்வளவு வேகம் என்பதை எல்லோரும் கேட்கிறார்கள். காற்று கரையை எப்படித் தொடுகிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். கடலிலிருந்து நேராகக் கரைக்கு வரும் காற்று, இறங்கியவனைத் திருப்பிக் கொண்டுவந்து கரையில் போடும். அங்கே மணல் இருந்தால் நல்லது, பாறை இருந்தால் எலும்பு மிஞ்சாது. கரைக்கு இணையாக, சற்றே உள்நோக்கிச் சாய்ந்து வரும் காற்றே உத்தமம். போகவும் விடும், திரும்பவும் விடும். கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்றைப் பற்றி அவன் அவ்வளவாகப் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தக் காற்றைப் பற்றிப் பேசுவது வழக்கமன்று.

மறுநாள் வாடகை வண்டியொன்றில் தீவைச் சுற்றினோம். இடம் பார்க்கப் போகிறவன் முதல் நாள் நீரில் இறங்கக் கூடாது என்பது அவன் விதி. பெண் பார்க்கப் போன வீட்டில் முதல் நாளே சாப்பிட உட்காராதது போல என்று எங்களில் ஒருவர் சொல்ல, மற்றவர் அப்படி உட்கார்ந்த ஒருவரின் கதையை நினைவுபடுத்த நேர்ந்தது. அது இங்கே வேண்டாம்.

கிழக்குக் கரை கண்ணுக்கு மிக அழகு. கரும்பாறைகளுக்கிடையே சிறுசிறு வெண்மணல் குடாக்கள்; பின்னால் சவுக்குத் தோப்பு. ஆனால் பார் கரையை நெருங்கி நிற்கிறது. காற்றோ நேரே வந்து மோதுகிறது. ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு, "இங்கே தவறுவதற்கு இடமே இல்லை" என்றான். புகழ்கிறான் என்றே முதலில் எண்ணினோம். தவறிழைத்தால் அதைத் திருத்திக்கொள்ளப் போதிய நீர்ப்பரப்பு இல்லை என்பது அதன் பொருள்.

மேற்கே நீர்ப்பரப்பு ஏராளம். ஆனால் தென்மேற்கு முனையில் விமான நிலையம். அதன் அருகே பட்டம் பறக்க விடுவதை எந்த நாட்டிலும் அறிவுள்ளோர் எண்ணமாட்டார்கள். அப்பால் கொக்கோஸ் தீவு. நோடிப் பறவைகளும் வெண்ணிற ஆலாக்களும் கூடுகட்டும் புகலிடம் அது; காவல் உண்டு. தலைக்குமேல் பறக்கும் பட்டத்தைப் பறவைகள் வல்லூறு என்றே கொள்ளும். அதையும் அடித்துவிட்டான்.

வடகரையில் மலையின் மறைவு. காற்று முகட்டைத் தாண்டி விழும்போது சிதறிப்போகிறது. ஒரு கணம் ஒன்றுமில்லை, மறுகணம் அறை விழுந்ததுபோல் வருகிறது. ஒரு தடை எவ்வளவு உயரமோ அதைப்போல் பல மடங்கு தூரத்துக்கு அதன் பின்னே காற்று குழம்பியிருக்கும் என்றான். மலையின் பின்னால் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படியாகக் கழித்துக் கழித்து வந்ததில், தென்கிழக்கே மூரூக் என்னும் கடலோரச் சிற்றூர் மிஞ்சிற்று. தீவுக்கு வரும் பட்டக்காரர்கள் பெரும்பாலும் இறங்குமிடமும் அதுவே. மலையிலிருந்து வளைந்து வளைந்து இறங்கும் சாலையின் திருப்பமொன்றில் வண்டியை நிறுத்தச் சொல்லி அதை மேலிருந்தே பார்த்தோம். நீருக்கு அத்தனை நிறங்கள் உண்டென்று யாராவது எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டோம். மணலடி வெளிறிய பச்சை. கடற்புல் வளர்ந்த இடம் பழுப்பு. ஆழமான கால்வாய் மட்டும் மயில் கழுத்து. தெற்கு நோக்கி நின்றால் காற்று இடத்தோளின்மேல் முன்பக்கமிருந்து சாய்ந்து வருகிறது. போகவும் விடும், திரும்பவும் விடும்.

மூன்றாம் நாள் காலை பத்தரை மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்தபோது, நேற்று மேலேயிருந்து கண்ட கடல் அங்கே இல்லை. வற்றம். வெகுதூரம் வரைக்கும் முழங்கால் நீர். அதிலும் பாதி, கல்லும் பாசியும். அந்நீரில் பெண்கள் குனிந்து நடந்துகொண்டிருந்தார்கள். தலையில் ஓலைத் தொப்பி, கையில் இரும்பு முனைக் கம்பி, காலில் ரப்பர்க் காலணி, இடுப்பில் பை. அங்கே ஊரிட் என்று சொல்லப்படும் பேய்க்கணவாயைக் கல்லிடுக்குகளில் தேடிக் குத்தியெடுப்பது ரொட்ரீக்ஸ் பெண்களின் தலைமுறைத் தொழில். காய்ந்த கணவாய்கள் எட்டுக்கால்களும் விரிந்தபடி கரையோரக் கழிகளில் தொங்கிக்கொண்டிருந்தன, நம் ஊர் மாசிக்கருவாடு மணக்க வேண்டிய இடத்தில் வேறொரு மணம் மணக்க. அவ்வினம் அருகி வந்ததால் 2012 முதல் ஆகஸ்டில் தொடங்கி ஏறத்தாழ இரண்டு மாதம் கணவாய் பிடிக்கத் தடை விதித்தார்கள்; முதலாண்டிலேயே தடை நீங்கியபின் பெரிய கணவாய்கள் கிடைத்தன. நாங்கள் போனது ஜூலை. தடைக்கு முன்னால் இருக்கும் நாட்களை ஒன்றுவிடாமல் எண்ணி உழைத்துக்கொண்டிருந்தார்கள்.

மகன் பையைப் பிரிக்கவில்லை. சவுக்கு நிழலில் உட்கார்ந்துவிட்டான். நாங்கள் காரணம் கேட்டோம். நீர் குறைவாயிருந்தால் பலகையின் அடித்துடுப்பு பவளத்தில் இடிக்கும் என்பது ஒரு காரணம். பட்டத்தின் நூல், இழுவிசையில் இருக்கும்போது கத்தியைப்போல் அறுக்கும் என்பது மற்றொன்று. குனிந்து வேலை செய்கிறவர் தலைக்குமேல் வருவதைப் பார்க்கமாட்டார். "வற்றத்தில் இது அவர்கள் தரை. வெள்ளம் ஏறினால் நம் முறை" என்றான். இதை அவனுக்கு யார் கற்பித்தார்களோ தெரியாது. நாங்கள் கற்பிக்கவில்லை என்பது மட்டும் தெரியும். எங்கள் கடற்கரையிலோ விசைப்படகுக்கும் கட்டுமரத்துக்கும் எந்நேரமும் வழக்கு.

நடுப்பகலுக்குமேல் அப்பெண்கள் கரையேறினார்கள். அவர்களுள் ஒருத்தி, எங்கள் வயதினள், எங்களருகே உட்கார்ந்து பையைக் காட்டினாள். ஐந்து கணவாய். கிரியோல் மொழியில் ஏதோ சொன்னாள், மகன் மொழிபெயர்த்தான். இந்தப் பட்டத்தில் துணி உலர்த்தலாமா என்று கேட்கிறாளாம். உலர்த்தலாம், ஆனால் துணியைத் தேடி மொரீசியசுக்குப் போக வேண்டியிருக்கும் என்று அவன் சொல்ல, அவள் கையிலிருந்த கம்பியைத் தரையில் தட்டித் தட்டிச் சிரித்தாள். பின்பு எங்களை உற்றுப் பார்த்துவிட்டு வேறொன்று கேட்டாள். அதை அவன் மொழிபெயர்க்கவில்லை. வற்புறுத்தியபோது, "இவனைக் கடலுக்கு விட்டுவிட்டு எப்படி உட்கார்ந்திருப்பீர்கள் என்று கேட்கிறாள்" என்றான்.

இரண்டரை மணிக்கு நீர் இடுப்பளவு ஏறியிருந்தது. 9 சதுர மீட்டர்ப் பட்டத்தைக் காற்றடைத்துக் கட்டினான். பட்டம் எழுந்தபோது எழுந்த ஓசை, பாய் விரிக்கும் ஓசைதான். நாற்பதாண்டுகளாக நாங்கள் கேளாதிருந்த ஓசை. அவன் போனான், திரும்பினான், மீண்டும் போனான். பாரில் ஓரிடத்தில் இடைவெளி உண்டு. வற்றத்தின்போது உள்நீர் முழுவதும் அதன் வழியே வெளியே பாய்கிறது. எங்கள் ஊரில் நீவாடு என்று சொல்லும் அந்த நீரோட்டத்தின் பக்கமே அவன் போகவில்லை. ஐந்து மணிவரை நாங்கள் உட்கார்ந்துதான் இருந்தோம். எப்படி என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

நான்காம் நாள் வண்டி கிடைக்கவில்லை. வந்த காரியம் நடக்காத நாளில் மனிதன் அருகிலிருப்பதை நல்லதென்று நினைக்கத் தொடங்குகிறான். தங்கியிருந்த வீட்டின் கீழேயே குடா. காலைச் சிற்றுண்டி முடித்துக் கீழே பார்த்த மகன், "தண்ணீர் எவ்வளவு தட்டையாக இருக்கிறது பாருங்கள்" என்றான். உண்மைதான். சுருக்கமில்லாத விரிப்புப்போல் கிடந்தது. ஒரு கிழவர் தம் படகின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். வெகுதொலைவில் பாரின் நுரைக்கோடு. அதற்கப்பால், தென்கிழக்குக் காற்று போகும் திசையில், நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குக் கரை என்பதே கிடையாது.

வடகரைக்குக் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகிறது. தட்டையாக இருப்பதன் காரணமே அதுதான். கரையருகே அலை எழுவதற்குக் காற்றுக்கு இன்னும் தூரம் கிடைக்கவில்லை. குறிப்பேட்டில் தன் கையால் அடித்துவிட்ட இடம் என்பதை அவனும் மறக்கவில்லை. "பார் இருக்கிறது, ஆழம் குறைவு, அரைமணி நேரம்தான், கரையோரமாகவே" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே பட்டத்தை மணலில் விரித்தான். சொல்லச் சொல்ல அவனே நம்பத் தொடங்கியதைக் கண்டோம். பட்டத்தின் குழாயில் காற்று ஏறிக்கொண்டிருந்தது.

அவனுக்கு அவன் சித்தப்பாவின் பெயர். எங்களுள் ஒருவருக்குத் தம்பியும் மற்றவருக்குக் கொழுந்தனுமான அந்தப் பிள்ளை 1984 ஆடி மாதத்தில் கடலில் போனவன். வயது பத்தொன்பது. புயலில் போனான் என்றுதான் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தோம். ஆடியில் எங்கள் கரைக்குப் புயல் வருவதில்லை என்று கேட்க அவர்களுக்குத் தெரியாது. எங்களுக்கும் அப்படிச் சொல்வதே எளிதாயிருந்தது.

அன்று அந்தக் குடாவின் மணலில் நின்று அதைத் திருத்திச் சொன்னோம். ஒருவர் தொடங்க, மற்றவர் முடிக்க, ஒருவாறு சொல்லி முடித்தோம். ஆடி மாதம்; கச்சான் காற்று. எங்கள் கரை கிழக்கு பார்த்த கரை. கச்சான் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். கரையோரம் கடல் குளம்போல் கிடந்தது. கூப்பிடு தூரத்தில் அறுந்து மிதந்த வலை மிதவையை எடுத்து வருகிறேன் என்று பக்கத்து வீட்டுக்காரரின் சிறு மரத்தைத் தள்ளிக்கொண்டு தனியே போனான். மிதவையைப் பிடித்தும்விட்டான். திரும்பும்போது துடுப்பு முறிந்தது. மரம் மெல்லத்தான் விலகிற்று. கடல் அத்தனை அமைதியாய் இருந்ததால் கரையில் நின்றவர்களில் ஒருவரும் உடனே பதறவில்லை. கரையில் நின்றவர்களில் நாங்களும் இருந்தோம். நமக்கென்ன அவசரம், அவன் கையாலேயே துழாவிக்கொண்டு வந்துவிடுவான் என்று பேசிக்கொண்டிருந்தோம். கூப்பிடு தூரம் தாண்டியதும் காற்று அவனைப் பிடித்துக்கொண்டது. வள்ளங்களை இறக்கித் தேடினார்கள். மூன்று நாள் தேடினார்கள்.

மகன் காற்றடைக்கும் கருவியின் கைப்பிடியைப் பிடித்தபடியே கேட்டான். பிறகு, "இதை ஏன் முன்னமே சொல்லவில்லை?" என்றான். விடை சொல்ல எங்களால் ஆகவில்லை. குழாயின் அடைப்பைத் திறந்துவிட்டான். பட்டம் பெருமூச்சு விட்டதுபோல் மணலில் படிந்தது.

கதையை இங்கே நிறுத்தினால் எங்களுக்குப் பெருமையாயிருக்கும். ஆனால் நடந்ததைச் சொல்ல வேண்டும். அன்று பிற்பகல் இரண்டு வெளிநாட்டு இளைஞர் அதே குடாவுக்கு வந்தார்கள். படகு சுரண்டிக்கொண்டிருந்த கிழவரைக் கூலிக்கு அமர்த்தி, அவர் படகு தங்களுக்குக் கீழ்ப்புறம் காற்றுவாக்கில் காத்து நிற்கும்படி செய்துவிட்டு, இரண்டு மணிநேரம் சறுக்கினார்கள். காற்று சிதறி வந்ததால் பலமுறை விழுந்தார்கள், விழுந்தபோதெல்லாம் சிரித்தார்கள், மாலையில் நலமாகக் கரையேறிப் போனார்கள். மேட்டிலிருந்த வீட்டுத் திண்ணையில் நாங்கள் மூவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இரவு உணவின்போது மகன் பேசவில்லை. எங்களுள் ஒருவர் இரவு முழுவதும் தூங்கவில்லை. நாங்கள் தடுத்தது அறிவினாலா, நாற்பதாண்டு அச்சத்தினாலா என்று மற்றவரைக் கேட்டுக்கொண்டே இருந்தார். படகை நாங்களும் கேட்டிருக்கலாமே என்பதும் அக்கேள்விக்குள் இருந்தது. அவர்கள் செய்ததும் ஓர் இடத்தேர்வுதான். கரை இல்லாத பக்கத்தில் ஒரு படகைக் கரையாக நிறுத்திக்கொண்டார்கள். எங்கள் ஊரில் அன்று அப்படி ஒரு வள்ளம் மிதந்துகொண்டிருந்தால்?

ஐந்தாம் நாள் காலை மகனே பேசினான். மீண்டும் மூரூக். வற்றம் நாளுக்கு நாள் ஐம்பது நிமிடம் பிந்துகிறது. அன்று பன்னிரண்டரைக்கு வற்றம், ஆகவே மூன்றரைக்கு மேல்தான் இறங்க முடியும். "அதுவரை நடப்போம்" என்று எங்களைக் கரையோடு மேற்கே அழைத்துப் போனான். எதற்கென்று கேட்டோம். "நேற்று நீங்கள் சொன்னதை நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன். இறங்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். பட்டம் கிழிந்தாலோ நூல் அறுந்தாலோ காற்று என்னைக் கொண்டுபோய் எங்கே விடும் என்று நடந்து பார்த்ததில்லை" என்றான்.

நடந்தோம். முதலில் மணல், பிறகு உருண்டைக் கற்கள், ஒரு சிறு முனையைச் சுற்றியதும் கருங்கல் திட்டு, அதன்மேல் கூரான சிப்பிகள். அங்கே நின்று அவன் தலையசைத்தான். அதையும் தாண்டி, கழிமுகம்போல் சேறு படிந்த ஒரு சின்ன வளைவு. இரண்டு படகுகள் கட்டிக் கிடந்தன. கணவாய் காயும் கழி ஒன்று நின்றது. கழிக்கருகே முந்தாநாள் எங்களிடம் துணி உலர்த்தக் கேட்டவள் வலை ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் வீடு அதுவாம். மகன் அவளோடு சிறிது நேரம் பேசினான். நீரைக் காட்டினான், கையைச் சாய்த்துக் காற்றைக் காட்டினான். அவள் தன் கம்பியால், இந்தப் பக்கம் கல், அந்தப் பக்கம் சேறு, நடுவில் இந்த அகலம்தான் நல்ல தரை என்று நீருக்குள் சுட்டினாள். நாள்தோறும் காலால் தடவிப் பார்க்கிறவளுக்குத் தெரியாத தரை ஏது? குறிப்பேட்டில் அவன் வரைந்த படத்தில் அந்த வளைவு இருக்கவே இல்லை. அன்று வரைந்து சேர்த்தான்.

"நீங்கள் இருவரும் இங்கேயே நில்லுங்கள். நான் அங்கே இறங்கி, கடைசியில் பட்டத்தைத் தாழ்த்திக் காற்றோடு இங்கே வருகிறேன். வர முடிகிறதா என்று பார்க்க வேண்டும்" என்றான். தன் செருப்பையும் தண்ணீர்க் குப்பியையும் எங்களிடம் கொடுத்துவிட்டுத் தனியாகத் திரும்பி நடந்தான். அவன் முதுகு அந்த முனையைச் சுற்றி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் அரைமணி நேரம் அவனைக் காணவில்லை. பட்டத்தை மட்டும் கண்டோம். முனைக்கு மேலே, சவுக்கு உச்சிகளுக்கு மேலே, சிவப்பாக ஏறிற்று, இறங்கிற்று, ஏறிற்று. கணவாய்க்காரி எங்களுக்கு ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டாள். நாங்கள் உட்காரவில்லை.

ஐந்து மணியாவதற்குச் சற்று முன்பு பட்டம் முனையைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தது. அதன் கீழே, வெயில் சாய்ந்த நீரில், அவன். வளைவுக்கு நேரே வந்தவன் காற்று சற்றே தணிந்ததால் திருப்ப முடியாமல் கடந்து போய், எங்களுக்கு இருநூறு அடி தள்ளிச் சேற்றில் முழங்கால் புதையக் கரையேறினான். கணவாய்க்காரி ஏதோ உரக்கச் சொல்லிச் சிரித்தாள். பட்டத்தைப் பிடித்து மடக்க அவளே முதலில் ஓடினாள். நாங்கள் செருப்பை எடுத்துக்கொண்டு பின்னே போனோம்.